அத்தியாயம் 6: பல நாக்குள்ள குடும்பமும் கொரியச் சந்தையும்

பெரிய குடும்பமாகக் கொரியா போகிறவர்களுக்குள் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில்தான். தாத்தா மாட்டிறைச்சி தொடமாட்டார். அத்தை சுத்த சைவம்; செவ்வாய், வெள்ளியில் மாமாவும் சைவம். மருமகனுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. பேத்திக்குக் கொரியத் தொடர்களில் பார்த்த தொக்பொக்கி என்ற கார அரிசிக் கட்டிகள் வேண்டும். அவள் தம்பிக்குக் காரமே ஆகாது. இத்தனை பேரையும் ஒரே உணவகத்துக்குள் அழைத்துப்போனால் யாராவது ஒருவர் வெறும் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்திருப்பார்.

சந்தையில் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். பத்தடிக்கு ஒரு கடை, கடைக்கு ஒன்றிரண்டு பண்டம், சமையல் கண்ணெதிரே. என்ன போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்கலாம்; பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு தட்டோடு போகும். ஆனால் பத்துப் பேரும் ஒரே கூட்டமாக நகர்ந்தால் சந்தையும் உதவாது. நடைபாதைகள் குறுகல். ஒரு கடை முன்னால் நான்கு பேர் நின்றாலே வழி அடைபடும். அதனால் இந்த அத்தியாயத்துக்கு விதி ஒன்றுதான்: சந்தையைப் பிரிந்து சுற்றுங்கள், நாளில் ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள்.

கிளம்பும் முன்

குழு பிரிக்கும்போது வயதைப் பார்க்காதீர்கள். நடையையும் நாக்கையும் பாருங்கள். மெல்ல நடக்கும் பாட்டியும், ஒவ்வொரு கடையிலும் நின்று வேடிக்கை பார்க்கும் பேரனும் நல்ல ஜோடி. சைவர்கள் ஒரு குழுவாக இருந்தால் அவர்கள் தேட வேண்டியதைத் தேடிக்கொள்வார்கள். மற்றவர்கள் மீன் தொட்டி முன்னால் நிற்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று, நான்கு பேருக்கு மேல் ஒரு குழு வேண்டாம். ஒவ்வொரு குழுவிலும் இணைய இணைப்புள்ள கைபேசியும் அதைக் கையாளத் தெரிந்தவரும் இருக்க வேண்டும்.

கைபேசியில் இரண்டு செயலிகள் கட்டாயம். வழிக்கு நேவர் மேப் அல்லது காகாவ் மேப். கொரியாவில் நடந்துபோகும் வழியைக் கூகுளைவிட இவை நன்றாகக் காட்டும். மொழிக்குப் பாப்பாகோ, பெயர்ப்பலகையையும் உணவுப் பட்டியலையும் படமெடுத்தால் ஆங்கிலத்தில் தரும். இரண்டையும் வீட்டிலேயே இறக்கிப் பழகிவிட்டுப் போங்கள்.

சந்திக்கும் இடத்தைக் கடையின் பெயரால் குறிக்காதீர்கள். உள்ளே எல்லாக் கடையும் ஒன்றாகவே தெரியும். கொரியச் சுரங்க ரயில் நிலையங்களில் ஒவ்வொரு வெளிவாசலுக்கும் எண் உண்டு. "ஒரு மணிக்கு எட்டாம் எண் வாசல்" என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை. ரயிலில் யாராவது ஏறாமல் விடுபட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசி வையுங்கள். ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்க வேண்டும், விடுபட்டவர் அடுத்த ரயிலில் வர வேண்டும். இது தெரிந்தால் பெரியவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். சாதாரண வாடகைக் காரில் நான்கு பேர்தான் ஏறலாம் என்பதால் பெரிய குடும்பத்துக்குச் சுரங்க ரயிலே வசதி. ஆளுக்கொரு டி-மணி பயண அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு வந்து தங்கிய கொரியர்களுக்காகவே நகரில் கொரிய உணவகங்கள் முளைத்தன. பயணத்துக்கு முன் பெரியவர்களை ஒருமுறை அங்கே அழைத்துப்போங்கள். கிம்ச்சியின் புளிப்பும் நல்லெண்ணெய் வாசமும் ஒத்துக்கொள்கிறதா என்று ஊரிலேயே தெரிந்துவிடும்.

எந்தச் சந்தை, யாருக்கு

குவாங்ஜாங், சியோல். 1905இல் தொடங்கிய சந்தை. முதல் வழித்தடத்தில் ஜோங்னோ 5-கா நிலையம், எட்டாம் வாசல். நடுவே உணவுக் கடைகள். சுற்றிலும் துணி, பட்டு, படுக்கை விரிப்புகள். புகழ்பெற்ற பண்டம் பின்தேத்தொக். ஊறவைத்த பாசிப்பயறைக் கல் இயந்திரத்தில் அரைத்து, முளைகட்டிய பயறு சேர்த்து, எண்ணெய் மிதக்க வார்க்கிறார்கள். நம் அடைக்குப் பக்கத்து வீடு. ஆனால் பல கடைகளில் மாவிலேயே பன்றி இறைச்சி கலந்திருக்கும், கேட்காமல் வாங்க வேண்டாம். கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிச் சின்னச் சின்னச் சுருளாக வரும் 'மயாக் கிம்பாப்', கத்தியால் நறுக்கிய கோதுமை நூடுல்ஸான கல்குக்சு, பரங்கிக்காய்க் கஞ்சியான ஹோபாக் ஜுக், சிவப்புப் பயற்றுக் கஞ்சியான பாத் ஜுக் எல்லாம் இங்கே கிடைக்கும். யுக்ஹ்வே என்ற பலகையைக் கண்டால் தெரிந்துகொள்ளுங்கள், அது பச்சை மாட்டிறைச்சி. மாலையில் நெரிசல் அதிகம். குடும்பத்தோடு போக முற்பகல் 10, 11 மணி அல்லது பிற்பகல் 3 மணி நல்லது. ஞாயிற்றுக்கிழமை உணவுப் பகுதி இயங்கினாலும் துணிக்கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சேலை எடுக்கும் கண்ணோடு வருகிற அத்தைகள் வேறு நாள் வர வேண்டும்.

தொங்இன், சியோல். கியோங்போக்குங் அரண்மனைக்கு மேற்கே உள்ள சின்னச் சந்தை. மூன்றாம் வழித்தடத்தில் கியோங்போக்குங் நிலையம், இரண்டாம் வாசல். அங்கிருந்து பத்து நிமிட நடை. மதிய வேளையில் பணம் கட்டி ஒரு சரம் பித்தளைக் காசும் வெறும் தட்டும் வாங்கலாம். திட்டத்தில் சேர்ந்த கடைகளில் காசைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் நிரப்பி, மாடியில் உள்ள உணவுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். சோறும் சூப்பும் தனி விலை. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. சைவர்களுக்கோ, பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு ஒரே மேசையில் உட்காரும் வாய்ப்பு. வாராந்தர விடுமுறை உண்டு, முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்தேமுன், சியோல். நான்காம் வழித்தடத்தில் ஹ்வேஹ்யொன் நிலையம், ஐந்தாம் வாசல். சாமான் வாங்குவதற்கு இதுதான் பெரிய இடம்: பிள்ளைகளின் உடை, மூக்குக் கண்ணாடி, ஜின்செங், கடற்பாசி, பாத்திரம். வாளை மீனைக் காரசாரமாகக் குழம்பு வைக்கும் கல்ச்சி ஜோரிம் சந்து இதற்குள்ளேயே இருக்கிறது. மீன்குழம்பு இல்லாமல் நாலு நாள் தாங்காதவர்களை நேரே இங்கே கூட்டிவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் இருக்காது.

கியோங்தோங், சியோல். மருந்து வேர்கள், உலர்ந்த இலந்தை வகைகள், இஞ்சி, ஜின்செங், காட்டுக் கீரைகள் மலைபோல் குவிந்திருக்கும் சந்தை. முதல் வழித்தடத்தில் ஜேகி-தோங் நிலையம். நாட்டு மருந்தில் பிடிப்புள்ள தாத்தா பாட்டிகளுக்கு அரண்மனையைவிட இது பிடிக்கும். சுற்றுலாப் பயணிகள் குறைவு. வாங்க வருகிறவர்களில் உள்ளூர் முதியவர்கள்தான் அதிகம். கால் வலித்தால், பழைய கியோங்தோங் திரையரங்கின் படிக்கட்டு இருக்கைகளை அப்படியே வைத்து நடக்கும் ஸ்டார்பக்ஸ் சந்தைக்குள்ளேயே இருக்கிறது.

நொரியாங்ஜின், சியோல்; ஜகல்ச்சி, பூசான். இரண்டும் மீன் சந்தைகள், நடைமுறையும் ஒன்றே. கீழ்த்தளத்தில் தொட்டியில் நீந்தும் மீனையோ நண்டையோ தேர்ந்தெடுத்து விலை பேச வேண்டும். பிறகு மேல்தள உணவகத்துக்கு எடுத்துப்போனால் சமைத்துத் தருவார்கள். அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று மேசைக் கட்டணமும், சமைக்கும் கூலியும் தனி. மீனின் விலையை மட்டும் கணக்கிட்டு மேலே ஏறினால் ரசீது திகைக்க வைக்கும். இன்னொன்று: எதுவும் சொல்லாவிட்டால் மீனைப் பச்சையாகச் சீவித்தான் தருவார்கள். வேகவைத்தது வேண்டுமானால் 'கூயி' (சுட்டது), 'ஜிம்' (ஆவியில் வெந்தது), 'மேயுன்தாங்' (காரக் குழம்பு) என்று கீழ்த்தளத்திலேயே சொல்லிவிடுங்கள். பூசானில் ஜகல்ச்சி நிலையம் முதல் வழித்தடத்தில், பத்தாம் வாசல். சந்தையை ஒட்டிய சந்துகளில் மீனைத் தட்டில் சுட்டு அடுக்கி வைத்திருக்கும் சிறு உணவகங்கள் பல; பெரிய சந்தையின் பேரத்துக்குப் பயந்தவர்கள் அங்கேயே நிம்மதியாகச் சாப்பிடலாம்.

ஐந்து நாள் சந்தைகள். நம் ஊர் வாரச் சந்தைக்குக் கிழமை கணக்கு. அங்கே தேதி கணக்கு. சியோலுக்குத் தெற்கே சொங்னாமில் மொரான் சந்தை 4, 9இல் முடியும் தேதிகளில் கூடும். ஜேஜு நகரத்தின் சந்தையும், மலைப்பகுதியில் உள்ள ஜொங்சொன் சந்தையும் 2, 7இல் முடியும் தேதிகளில். விதை, நாற்று, கோழி, கத்தி, எண்ணெய் ஆட்டும் செக்கு என்று கிராமமே இறங்கி வந்திருக்கும். விவசாயக் குடும்பத்துப் பெரியவர்கள் இருந்தால் பயணத் தேதியை இதற்கேற்ப அமைப்பது வீண்போகாது.

எந்தச் சந்தையாக இருந்தாலும், சொல்லால் (சந்திரப் புத்தாண்டு), சூசொக் (அறுவடைத் திருநாள்) நாட்களில் கடைகள் மூடியிருக்கும். அதற்கு முந்தைய வாரமோ கூட்டம் தாங்காது.

தட்டில் என்ன இருக்கிறது

கொரிய உணவில் இறைச்சித் துண்டு கண்ணில் படுவதைவிடச் சாற்றில் கரைந்திருப்பதே அதிகம். நூடுல்ஸ், சூப், தொக்பொக்கி எல்லாவற்றுக்கும் அடிப்படை நெத்திலிக் கருவாடும் கடற்பாசியும் கொதித்த நீர், அல்லது மாட்டெலும்புச் சாறு. கிம்ச்சியில் உப்பில் ஊறிய சின்ன இறாலோ மீன் சாறோ சேர்வது வழக்கம். தொக்பொக்கியில் அரிசிக் கட்டிகளுக்கு நடுவே பட்டை பட்டையாகக் கிடப்பது மீன் விழுதில் செய்த ஒமுக். கிம்பாப்புக்குள் முட்டை, ஹாம், நண்டுக்குச்சி இருக்கும். பிபிம்பாப் என்ற கலவைச் சோற்றில் இறைச்சியையும் முட்டையையும் எடுக்கச் சொன்னாலும், சில இடங்களில் அதன் மிளகாய் விழுதையே மாட்டிறைச்சியோடு வதக்கியிருப்பார்கள். "கறி இல்லாமல்" என்று மட்டும் சொல்வது போதாது. மீன், இறால், மீன் சாறு, முட்டை எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதிய கொரிய அட்டை ஒன்றைச் சைவர்கள் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். தங்குமிட வரவேற்பறையில் கேட்டால் எழுதித் தருவார்கள்.

அட்டைக்குத் துணையாக ஒரு பலகை இருக்கிறது. கொரிய உணவகங்கள் அரிசி, மாடு, பன்றி, கோழி, முட்டைக்கோஸ் கிம்ச்சி முதலியவை எந்த நாட்டில் விளைந்தவை என்று எழுதி மாட்ட வேண்டும், அது சட்டம். 'வொன்சாஞ்சி' என்ற அந்தப் பட்டியலைப் படமெடுத்து மொழிபெயர்த்தால், எந்தப் பண்டத்தில் எந்த இறைச்சி சேர்கிறது என்று பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். ஆனால் அதில் இல்லை என்பதற்காக நெத்திலிச் சாறும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயரைக் கேட்டே சிலவற்றை ஒதுக்கலாம். 'சோ' மாடு, 'த்வேஜி' பன்றி, 'தாக்' கோழி, 'ஹேமுல்' கடல் உணவு. 'யுக்' என்று தொடங்கினால் இறைச்சி, அதிலும் பெரும்பாலும் மாடு. மந்து என்ற கொழுக்கட்டை வகையில் பன்றி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாய் இறைச்சியைப் பற்றிக் குடும்பத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அது சாதாரண உணவில் கலந்துவரும் பொருள் அல்ல. தனிக் கடைகளில் மட்டுமே விற்றது. அந்த வணிகத்தையே தடைசெய்யும் சட்டத்தைக் கொரிய நாடாளுமன்றம் 2024 ஜனவரியில் நிறைவேற்றியது, தடை 2027இலிருந்து.

சைவர்கள் சந்தையில் நம்பி வாங்கக்கூடியவை: சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சுட்ட செஸ்ட்நட், அவித்த சோளம், பழங்கள், பயற்றுப்பொடி புரட்டிய இன்ஜொல்மி முதலான அரிசிப் பண்டங்கள், பாத் ஜுக், ஹோபாக் ஜுக், நாட்டுச்சர்க்கரையும் விதைகளும் உருகி வழியும் ஹொத்தொக். கோடையில் போனால், சோயாப் பயற்றை அரைத்த குளிர்ந்த பாலில் நூடுல்ஸ் போட்டுத் தரும் கொங்குக்சு வயிற்றை நிறைக்கும். இனிப்பான சிக்கியே, இஞ்சியும் பட்டையும் மணக்கும் சுஜொங்க்வா இரண்டும் எல்லோருக்குமான பானங்கள். சிக்கியேயும், மக்கொல்லி என்ற அரிசி மதுவும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் பாட்டிலில், ஒரே மாதிரி மங்கலான வெள்ளையாக இருக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

ஹலால் வேண்டும் குடும்பங்கள் சியோலில் இதேவோன் பகுதியை மையமாக வைத்துத் திட்டமிடலாம். 1976இல் திறந்த மத்தியப் பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் உணவகங்களும் மளிகைக் கடைகளும் இருக்கின்றன. இந்திய உணவகங்களும் அங்கே கிடைக்கும்.

சேர்ந்து உட்காரும் வேளை

தனியாகப் பயணம் செய்கிறவரைக் கொரிய உணவகம் சில சமயம் திருப்பி அனுப்பும். பெரிய குடும்பத்தை வரவேற்கும். அடுப்பில் சுடும் இறைச்சி, பெரிய சட்டியில் கொதிக்கும் குழம்பு போன்றவற்றை இரண்டு பங்குக்குக் குறையாமல்தான் தருவார்கள். நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வதே அங்கத்திய பழக்கம். பஞ்சான் என்ற சின்னக் கிண்ணப் பக்க உணவுகள் விலையில்லாமல் வரும். தீர்ந்தால் மறுபடியும் தருவார்கள். பல இடங்களில் தண்ணீரும் பக்க உணவும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். கரண்டியும் குச்சியும் மேசைக்கு அடியில் உள்ள இழுப்பறையில் இருக்கும். மேசையில் மணிப் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இல்லாவிட்டால் "ஜோகியோ" என்று கூப்பிடலாம், மரியாதைக் குறைவு அல்ல. பணத்தை வாசலருகே உள்ள கல்லாவில் கட்ட வேண்டும். டிப்ஸ் வழக்கம் இல்லை.

மேசை நாகரிகத்தில் நம் பெரியவர்களுக்குக் கற்றுத்தர அதிகம் இல்லை. மூத்தவர் முதல் வாய் எடுத்த பிறகே மற்றவர்கள் தொடங்குவார்கள். மூத்தவருக்கு எதையும் இரு கையால் கொடுப்பார்கள். புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. சோற்றைக் கரண்டியால் உண்பார்கள், கையால் பிசைவதில்லை. இலையில் இறைச்சியையோ சோற்றையோ பொதிந்து உண்ணும் 'சாம்' மட்டும் விலக்கு, அதற்குக் கைதான். சோற்றில் குச்சியை நட்டு வைக்கக் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. உலோகக் குச்சி வழுக்கினால் முள்கரண்டி கேட்கத் தயங்க வேண்டாம்.

சந்தைப் பெஞ்சுகளில் இரண்டு விதிகள். உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு பண்டமாவது வாங்க வேண்டும் என்று பல கடைக்காரர்கள் எதிர்பார்ப்பார்கள். ஒரு தட்டுக்கு ஐந்து பேர் உட்கார்ந்தால் முகம் சுளிப்பார்கள். அடுத்த கடையில் வாங்கியதை இந்தக் கடைப் பெஞ்சில் வைத்துச் சாப்பிடக் கூடாது. இதனால்தான் சந்தையில் குழு பிரிவது அவசியம்.

எல்லோரும் ஒரே மேசையில், ஒரே உணவை, தயக்கமில்லாமல் சாப்பிட ஒரு வழி உண்டு: கோயில் உணவு. கொரியப் பௌத்த மடங்களின் சமையலில் இறைச்சி, மீன் கிடையாது. பூண்டு, வெங்காய வகைகள், பெருங்காயம் எனக் காரநெடியுள்ள ஐந்தையும் விலக்குவது அவர்கள் மரபு. ஏகாதசிக்குப் பூண்டு ஒதுக்கும் பாட்டிக்குக் கேட்காமலே பத்தியச் சாப்பாடு. சியோலில் ஜோகியேசா கோயிலுக்கு எதிரே, ஜோகியே பௌத்தப் பிரிவே நடத்தும் பல்வு கோங்யாங் உணவகம் இதில் பெயர்பெற்றது. விலை சந்தையைவிடப் பல மடங்கு, முன்பதிவு தேவை. பயணத்தில் ஒரு வேளையை இதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

பணமும் பேரமும்

குடும்பத்துக்கு ஒரு பொதுப்பை, அதற்கு ஒரு பொருளாளர் என்று வைத்துக்கொண்டால் "நான் கொடுக்கிறேன், நீங்க வைங்க" என்ற இழுபறி கடை வாசலில் நடக்காது. காலையில் ஒவ்வொரு குழுவுக்கும் ரொக்கம் பிரித்துக் கொடுங்கள். கடைகள் பலவற்றில் அட்டை செல்லும். சின்னத் தட்டுக் கடைகளில் ரொக்கமே எளிது. 1,000, 10,000 வொன் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். 1,000 வொன் ஏறக்குறைய 60 ரூபாய் என்று மனக்கணக்குப் போடலாம். 5,000 தாளும் 50,000 தாளும் மஞ்சள் சாயலில் குழப்பும். 50,000இல் இருக்கும் பெண்மணி ஷின் சாயிம்தாங். 5,000இல் இருப்பவர் அவர் மகன் யி-ஈ. அம்மாதான் பத்து மடங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் மறக்கமாட்டார்கள். பட்டியலில் 12.0 என்றிருந்தால் 12,000 வொன்.

சமைத்த உணவுக்கு விலை எழுதி மாட்டியிருப்பார்கள். அங்கே பேரம் பேசுவதில்லை. மீன், துணி, உலர் பொருள்களில் பேசலாம். விலையைக் குறைப்பதைவிட, வாங்கியதற்கு மேல் ஒரு கை சேர்த்துப் போடுவதே கடைக்காரர்களுக்கு எளிது. நம்மூர்க் கொசுறுதான், அங்கே 'தொம்'. எடை போட்டு விற்பதை உட்காரும் முன்பே எவ்வளவு, என்ன விலை என்று கால்குலேட்டரில் காட்டச் சொல்லுங்கள். கேட்காத தட்டு மேசைக்கு வந்தால் தொடுவதற்கு முன் கேளுங்கள்.

பாட்டிக்கும் பேரனுக்கும்

அரிசிப் பண்டங்கள் எல்லாம் ஒட்டும், இழுபடும். பல் இல்லாதவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் தொண்டையில் அடைக்கும் அபாயம் உண்மையானது. சின்னதாக நறுக்கி, நடுநடுவே தண்ணீர் கொடுங்கள். மீன் சந்தையில் துடிக்கும் பேய்க்கணவாயைத் துண்டாக்கித் தரும் சன்-நக்ஜியும் அப்படியே. உறிஞ்சிகள் தொண்டையில் ஒட்டும். வீரம் காட்ட நினைக்கும் சித்தப்பாக்கள் நன்றாக மென்று விழுங்க வேண்டும்.

கொரியக் காரம் நம் காரத்தைப் போல் சுள்ளென்று ஏறாது. இனிப்போடு தொடங்கி மெதுவாக ஏறும். பிள்ளைகளுக்கு வெறும் சோறு, வறுத்த கடற்பாசித் தாள், ஆவியில் வேகவைத்த முட்டையான கியேரன் ஜிம் இருந்தால் போதும். தங்குமிடம் சமையலறையோடு இருந்தால் காலை உணவுக் கவலை தீரும். மூலைக்கு மூலை இருக்கும் சிறுகடைகளில் சூடாக்கினால் போதுமான சோற்றுப் பெட்டி கிடைக்கும்; ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடியும் ஊறுகாயும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அவற்றை உணவகத்துக்குள் எடுத்துப்போய்ப் பிரிக்க வேண்டாம். வெளி உணவை அங்கே விரும்பமாட்டார்கள்.

கழிப்பறை தேடிச் சந்தைக்குள் அலையாதீர்கள். ரயில் நிலையத்தைவிட்டு வெளியேறும் முன்பே எல்லோரும் போய்வந்துவிடுங்கள். அங்கே சுத்தம், கட்டணமும் இல்லை. குப்பைத்தொட்டி தெருவில் அரிது. குச்சியையும் கிண்ணத்தையும் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுப்பது வழக்கம். உதவி வேண்டுமானால் 1330 என்ற சுற்றுலாத் தொலைபேசி எண் 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும். கடைக்காரரிடம் கைபேசியைக் கொடுத்து நடுவே மொழிபெயர்க்கவும் வைக்கலாம்.

பெட்டியில் என்ன வரும்

வறுத்த கடற்பாசி எடை இல்லாதது, எல்லோருக்கும் கொடுக்கலாம். கொச்சுகாரு என்ற மிளகாய்ப்பொடி நிறத்துக்கும் மணத்துக்கும் நல்லது. மிளகாய் விழுதான கொச்சுஜாங், சோயா விழுதான தேன்ஜாங், கிம்ச்சி மூன்றும் கைப்பையில் அனுமதியில்லை. அடியில் போகும் பெட்டியில்தான். கிம்ச்சி புளித்துக்கொண்டே இருக்கும், விமானத்தில் உப்பி வடியலாம்; ஆலையில் அடைத்த சின்ன டப்பாவே நல்லது. பச்சை ஜின்செங் வேர், விதை, நாற்று ஆகியவை தாவரப் பரிசோதனையில் மாட்டும். பதப்படுத்திய சிவப்பு ஜின்செங்கை வாங்குங்கள். இரத்த அழுத்தத்துக்கோ இரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே அதைச் சாப்பிட வேண்டும். வரி திரும்பப் பெறும் கடைகளில் 15,000 வொன்னுக்கு மேல் வாங்கினால் கடவுச்சீட்டைக் காட்டுங்கள். சந்தைத் தட்டுக் கடைகளில் இது கிடைப்பது அரிது.

ஒரு நாள் திட்டம்

காலை 10: ஜோங்னோ 5-கா எட்டாம் வாசலில் குழு பிரிதல். சைவக் குழு கஞ்சிக் கடைக்கும் துணிக் கடைகளுக்கும். மற்றவர்கள் பின்தேத்தொக், கிம்பாப் பக்கம். எல்லோரும் பாதி வயிற்றுக்கு மட்டும்.

பகல் 12:30: அதே வாசலில் சேருதல். மீன் பிரியர்கள் தோங்தேமுன் பக்கம் நடந்து, சுட்ட மீன் சந்தில் கானாங்கெளுத்தி வகை மீனோடு சோறு. மற்றவர்கள் சந்தைக்குத் தெற்கே ஓடும் சொங்கியேசொன் ஓடைக்கரையில் ஹொத்தொக்கும் பழமும். 2005இல் மீட்ட இந்த ஓடையின் ஓரமாகப் பெரியவர்கள் நீரருகே உட்காரலாம்.

பிற்பகல் 2:30: தங்குமிடம், தூக்கம். இதை விட்டுவிட்டால் மாலையில் சண்டை நிச்சயம்.

மாலை 6: ஜோகியேசா கோயில், பிறகு முன்பதிவு செய்த கோயில் உணவு. முழுக் குடும்பமும் ஒரே மேசை.

கையில் வைத்துக்கொள்ளச் சில வாக்கியங்கள்

எவ்வளவு? - ஒல்மாயேயோ?
தண்ணீர் கொடுங்கள் - முல் ஜுசேயோ.
இறைச்சியை எடுத்துவிட்டுக் கொடுங்கள் - கோகி பே ஜுசேயோ.
மாட்டிறைச்சி சேருமா? - சோகோகி துரொகாயோ?
காரம் குறைவாகச் செய்யுங்கள் - தொல் மெப்கே ஹே ஜுசேயோ.
இன்னும் கொடுங்கள் - தோ ஜுசேயோ.
கழிப்பறை எங்கே? - ஹ்வாஜாங்ஷில் ஒதியேயோ?
நன்றாகச் சாப்பிட்டேன் - ஜல் மொகொஸும்னிதா.

கடைசி வாக்கியத்தைக் குடும்பத்தில் ஒருவர் விடாமல் மனப்பாடம் செய்யுங்கள். எழுந்திருக்கும்போது பாட்டியிலிருந்து பேரன்வரை வரிசையாகச் சொன்னால், மறுநாள் அதே கடைக்குப் போகும்போது கடைக்காரம்மாவுக்கு உங்கள் குடும்பம் நினைவிருக்கும். தொம் கேட்காமலே விழும்.